முப்பத்தொரு முறை தோற்ற வெற்றி அணி

அமெரிக்கக் கல்லூரிப் பேஸ்பால் வரலாற்றில் 2008ஆம் ஆண்டுக்குத் தனியிடம் உண்டு. அவ்வாண்டு தேசியப் பட்டத்தை வென்ற அணி, அதே பருவத்தில் 31 ஆட்டங்களில் தோற்றிருந்தது. அதற்கு முன்னர் அத்தனை தோல்விகளைச் சுமந்துகொண்டு எந்தக் கல்லூரி அணியும் பட்டம் பெற்றதில்லை. அவ்வணி கலிஃபோர்னியா மாநிலத்தின் ஃபிரெஸ்னோ நகரிலுள்ள அரசுப் பல்கலைக்கழகத்தின் அணி. ஃபிரெஸ்னோ ஸ்டேட் என்பது அப்பல்கலைக்கழகத்தின் வழக்குப் பெயர். புல்டாக்ஸ் என்பது அணியின் பெயர்.

கலிஃபோர்னியா என்றவுடன் கடற்கரையும் திரைப்பட நகரமும் நம் நினைவுக்கு வரும். ஃபிரெஸ்னோ அத்தகைய ஊரன்று. லாஸ் ஏஞ்சலிஸுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே, உள்நாட்டுப் பள்ளத்தாக்கில், வெயில் மிகுந்த வேளாண் நிலத்தின் நடுவே அது அமைந்துள்ளது. திராட்சை, உலர்திராட்சை, பாதாம் ஆகியவை அங்கு விளையும் முதன்மைப் பொருள்கள். மெக்சிகோ, ஆர்மீனியா, போர்ச்சுகல், லாவோஸ் எனப் பல நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அப்பள்ளத்தாக்கில் வாழ்கின்றனர். பஞ்சாபிலிருந்து சென்ற உழவர் குடும்பங்களும் அங்கு நெடுங்காலமாக உள்ளன. ஃபிரெஸ்னோவின் பல்கலைக்கழகம் 1911ஆம் ஆண்டில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கப்பட்டது. புகழ்பெற்ற கல்வி நிறுவனங்கள் நிறைந்த அம்மாநிலத்தில், அது முதல் வரிசையில் வைத்துப் பேசப்படும் பெயர் அன்று. பெண்கள் சாஃப்ட்பால் அணி 1998ஆம் ஆண்டில் தேசியப் பட்டம் பெற்றிருந்தது. ஆண்கள் அணி எதுவும் 2008 வரை அத்தகைய பட்டத்தைப் பெற்றதில்லை.

அவ்வணியின் பருவத்தை அறிவதற்கு முன், பேஸ்பால் ஆட்டத்தின் சில இயல்புகளை அறிந்துகொள்வது நன்று. கிரிக்கெட் ஆடத் தெரிந்தவர்களுக்கு இது கடினம் அன்று.

ஓர் அணிக்கு ஒன்பது பேர். களத்தில் சாய்சதுர வடிவில் நான்கு தளங்கள் இருக்கும். ஒரு தளத்திற்கும் அடுத்த தளத்திற்கும் இடையே 90 அடி தொலைவு. மட்டையாளர் பந்தை அடித்துவிட்டு ஒவ்வொரு தளமாக ஓடி, புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். பந்து எல்லைச் சுவரைத் தாண்டிப் பறந்தால் அது ஹோம் ரன். தளங்களில் நிற்கும் தம் அணியினர் அனைவரோடும் அவர் நிதானமாகச் சுற்றி வரலாம். பந்தெறிபவர் 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து, பந்தைத் தரையில் குத்தவிடாமல் நேராக எறிவார். மட்டையாளர் மூன்று நல்ல பந்துகளைத் தவறவிட்டால் ஆட்டமிழப்பார். இதற்கு ஸ்ட்ரைக் அவுட் என்று பெயர். மூவர் ஆட்டமிழந்தால் அடுத்த அணி அடிக்க வரும். இவ்வாறு இரு அணிகளும் ஒன்பது முறை மாறி மாறி அடித்தால் ஆட்டம் நிறைவுறும். ஒவ்வொரு முறையும் ஓர் இன்னிங்ஸ் எனப்படும்.

கிரிக்கெட்டில் ஒரு மட்டையாளர் ஆட்டமிழந்தால், அந்த இன்னிங்ஸில் அவருக்கு மறுவாய்ப்பு இல்லை. பேஸ்பாலில் அவ்வாறன்று. முதல் இன்னிங்ஸில் ஆட்டமிழந்தவர் மூன்றாவதிலோ நான்காவதிலோ மீண்டும் மட்டையுடன் வருவார். ஓர் ஆட்டத்தில் நான்கைந்து முறை அவருக்கு வாய்ப்புக் கிட்டும். பத்து வாய்ப்புகளில் மூன்று முறை பந்தை நன்கு அடித்துத் தளம் அடைபவரே சிறந்த மட்டையாளர் எனப் பாராட்டப்படுகிறார். அதாவது, மிகச் சிறந்தவரும் பத்தில் ஏழு முறை தோற்கிறார். அணிகளின் நிலையும் இத்தகையதே. தொழில்முறை அணிகள் ஓர் ஆண்டில் 162 ஆட்டங்கள் ஆடுகின்றன. அதே 2008ஆம் ஆண்டில் தொழில்முறைப் பட்டத்தை வென்ற பிலடெல்பியா அணி, இறுதிக்கட்டப் போட்டிகளுக்கு முன்பே 70 ஆட்டங்களில் தோற்றிருந்தது. கால்பந்திலோ ஹாக்கியிலோ இப்படி ஒரு வெற்றி அணியைக் காண்பது அரிது.

இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பந்தெறிபவரின் கையே அணியின் பெருஞ்செல்வம். மணிக்கு 140 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் நூறு பந்துகள் எறிந்த தோள், மறுநாள் அதே பணியைச் செய்யாது. அதற்குச் சில நாள் ஓய்வு தேவை. கல்லூரி அணிகள் பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு என வார இறுதிகளில் தொடர்ந்து மூன்று நாள்கள் ஆடுகின்றன. ஏனைய நாள்களில் வகுப்புகள் உண்டு. எனவே ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது மூன்று நல்ல பந்தெறிவீரர்கள் வேண்டும். அவர்களுள் தலைசிறந்தவருக்கு வெள்ளிக்கிழமை ஒதுக்கப்படும். ஃபிரெஸ்னோ அணியில் 2008ஆம் ஆண்டு அத்தகைய முதல்வராக விளங்கியவர் டானர் ஷெப்பர்ஸ்.

பிப்ரவரி மாத இறுதியில் பருவம் தொடங்கியபோது, அவ்வணியின் மீது ஓரளவு நம்பிக்கை இருந்தது. அந்நம்பிக்கை விரைவில் தளர்ந்தது. முதல் 20 ஆட்டங்களில் எட்டில் மட்டுமே வெற்றி, பன்னிரண்டில் தோல்வி. வலப்புற வெளிக்களத்தில் நிற்கும் ஸ்டீவ் டெட்வைலரின் இடக்கைக் கட்டைவிரலில் தசைநார் கிழிந்தது. மட்டையை இரு கைகளாலும் இறுகப் பற்ற வேண்டிய ஆட்டத்தில் இது சிறு காயம் அன்று. அறுவை மருத்துவம் செய்துகொண்டால் பருவம் முழுவதும் ஆட இயலாது. அவர் அதைத் தள்ளிவைத்துவிட்டு, வலியுடன் ஆடினார். மருத்துவ நோக்கில் இம்முடிவு எல்லாருக்கும் பரிந்துரைக்கத் தக்கதன்று. ஆயினும் நிகழ்ந்தது இதுவே.

மே மாதத்தில் அதைவிடப் பெரிய இழப்பு நேர்ந்தது. ஷெப்பர்ஸின் தோளில் காயம் ஏற்பட்டு, அவர் பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களிலிருந்து விலக நேர்ந்தது. தலைமைப் பந்தெறிவீரர் இல்லாமல் தேசியப் போட்டிக்குச் செல்வது, உழவுக்காலத்தில் ஏர் மாட்டை இழந்ததற்கு ஒப்பாகும். பயிற்சியாளர் மைக் பேட்சோல் எஞ்சியிருந்தவர்களைக் கொண்டே அணியை நடத்தினார். ஜஸ்டின் வில்சன், கிளேட்டன் அலிசன் முதலியோரின் மீது சுமை கூடியது. அவ்வணி தன் கூட்டமைப்பான வெஸ்டர்ன் அத்லெடிக் கான்ஃபரன்ஸின் இறுதிப் போட்டியில் வென்றதால்தான் தேசியப் போட்டியில் அதற்கு இடம் கிடைத்தது.

தேசியப் போட்டியின் அமைப்பு சற்றுச் சிக்கலானது. நாடு முழுவதிலிருந்தும் 64 அணிகள் தேர்ந்தெடுக்கப்படும். அவை நான்கு நான்காக 16 வட்டாரங்களில் பிரிக்கப்படும். ஒவ்வொரு வட்டாரத்திலும் நான்கு அணிகளுக்கும் ஒன்று முதல் நான்கு வரை வரிசை எண் தரப்படும். முதல் எண் பெறுவது மிகவும் வலிமையானது என மதிக்கப்படும் அணி. நான்காம் எண் பெறுவது விரைவில் வீடு திரும்பும் எனக் கருதப்படும் அணி. இவற்றிற்கு மேலாக, 2008ஆம் ஆண்டில் நாட்டின் மிகச்சிறந்த எட்டு அணிகளுக்குத் தேசியத் தரவரிசையும் இருந்தது. வட்டாரத்தில் இரண்டு முறை தோற்ற அணி வெளியேறும். ஒருமுறை தோற்றால் போட்டியில் நீடிக்கலாம். ஒவ்வொரு வட்டாரத்திலும் இறுதியாக எஞ்சும் ஓர் அணி அடுத்த கட்டத்திற்குச் செல்லும். அங்கு 16 அணிகள் இருவர் இருவராக மோதும். மூன்று ஆட்டங்களில் இரண்டில் வெல்லும் அணி முன்னேறும். எஞ்சிய எட்டு அணிகள் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஓமாஹா நகரில் கூடும். 1950ஆம் ஆண்டு முதல் அங்குதான் இறுதிக்கட்டம் நடைபெற்று வருகிறது. கல்லூரி வீரர்களிடையே ஓமாஹா என்னும் ஊர்ப்பெயரே இலட்சியத்தைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

ஃபிரெஸ்னோ அணிக்குக் கிடைத்த எண் நான்கு. அதுவரை அந்த எண்ணைப் பெற்ற எந்த அணியும் பட்டம் வென்றதில்லை.

முதல் வட்டாரம் கலிஃபோர்னியாவிலேயே லாங் பீச் நகரில் நடந்தது. லாங் பீச், சான் டியேகோ, பெர்க்லி ஆகிய ஊர்களின் பல்கலைக்கழக அணிகள் அவ்வட்டாரத்தில் இருந்தன, மூன்றும் வலிமையானவை. ஃபிரெஸ்னோ அங்கு வென்றது. அதுவே பலருக்கு வியப்பளித்தது. அடுத்து எதிர்கொண்ட அணியோ தேசியத் தரவரிசையில் மூன்றாம் இடத்திலிருந்த அரிசோனா ஸ்டேட். ஆட்டங்கள் நடந்ததும் அவ்வணியின் சொந்தக் களத்தில்தான். முதல் ஆட்டத்தில் ஃபிரெஸ்னோ 4–12 எனத் தோற்றது. இன்னொரு தோல்வி வந்தால் பருவம் முடிந்துவிடும். இரண்டாம் ஆட்டத்தில் 8–6, மூன்றாம் ஆட்டத்தில் 12–9 என வென்று, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஓமாஹாவுக்குப் புறப்பட்டது அவ்வணி.

ஓமாஹாவின் ரோசன்பிளாட் அரங்கம் பழமையானது. அதன் அருகிலேயே உயிரியல் பூங்கா ஒன்றும் உண்டு. (2010ஆம் ஆண்டுக்குப் பின் போட்டிகள் நகரின் நடுப்பகுதியிலுள்ள புதிய அரங்கிற்கு மாறிவிட்டன.) அங்கு முதல் ஆட்டத்தில், தரவரிசையில் ஆறாம் இடத்திலிருந்த ரைஸ் பல்கலைக்கழக அணியை ஃபிரெஸ்னோ 17–5 என வென்றது. இத்தகைய பெரும் வேறுபாட்டை எவரும் எதிர்பார்க்கவில்லை. பின்னர் இரண்டாம் இடத்திலிருந்த வட கரோலினா அணியை 5–3 என வென்றது. அதே அணியுடன் மீண்டும் மோதியபோது 3–4 எனத் தோற்றது. இருவருக்கும் இப்போது ஒவ்வொரு தோல்வி; அடுத்த ஆட்டத்தில் தோற்பவர் வெளியேற வேண்டும். ஃபிரெஸ்னோ 6–1 என வென்று இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றது.

இக்கட்டத்தில் ஒரு வீரரைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் தளத்தைக் காத்த டாமி மெண்டோன்சா, அப்பருவத்தில் ஸ்ட்ரைக் அவுட் ஆவதில் நாட்டிலேயே முன்னணியில் இருந்தவர். ஆம், முன்னணி, ஆனால் பெருமைக்குரிய முன்னணி அன்று. ஒரு மட்டையாளர் மீண்டும் மீண்டும் பந்தைத் தவறவிட்டு, தலைகுனிந்து திரும்பி நடப்பதைப் பார்ப்போருக்கு அவரை ஏன் இன்னும் ஆடவிடுகிறார்கள் என்று தோன்றுவது இயல்பு. பயிற்சியாளர் அவரை நீக்கவில்லை. மெண்டோன்சா பந்தைப் பிடிப்பதிலும் தடுப்பதிலும் மிகச் சிறந்தவர். மட்டையில் பந்து பட்டால் அது வெகுதூரம் செல்லும். ஓமாஹாவில் அவர் நான்கு ஹோம் ரன்கள் அடித்தார். இறுதியில் போட்டியின் தலைசிறந்த வீரர் என்னும் விருது அவருக்கே வழங்கப்பட்டது.

இந்நேரத்தில் ஃபிரெஸ்னோ நகரில் புதிய சொற்றொடர் ஒன்று பரவியது. வெல்ல வாய்ப்பில்லை எனக் கருதப்படும் போட்டியாளரை ஆங்கிலத்தில் அண்டர்டாக் என்பர். அணியின் பெயரோ புல்டாக்ஸ். இரண்டையும் இணைத்து, ‘அண்டர்டாக்ஸ் டு ஒண்டர்டாக்ஸ்’ என மக்கள் சட்டைகளில் அச்சிட்டு அணிந்தனர். வியப்பு என்னும் பொருளுடைய சொல்லை அங்கே பொருத்திய சொல்விளையாட்டு அது. நம் மொழியின் சிலேடையை ஒத்தது.

இறுதிப் போட்டியில் எதிரணி ஜார்ஜியா பல்கலைக்கழகம். தரவரிசையில் எட்டாம் இடம் பெற்றது. மூன்று ஆட்டங்களில் இரண்டில் வெல்ல வேண்டும். முதல் ஆட்டத்தில் ஃபிரெஸ்னோ முன்னணியில் இருந்தும் அதைக் காக்க இயலாமல் 6–7 எனத் தோற்றது. கைக்கு எட்டியதைத் தவறவிட்ட தோல்வி அது. 4–12 எனத் தோற்பதைவிட இவ்வாறு தோற்பதே மனத்தை அதிகம் வருத்தும். மறுநாள் இரண்டாம் ஆட்டத்தில் நிலைமை இன்னும் மோசமாகத் தொடங்கியது. ஜார்ஜியா 5–0 என முன்னேறியது. ஏறத்தாழ எல்லாம் முடிந்தது எனப் பார்த்தவர்கள் எண்ணியிருக்கக்கூடும். அங்கிருந்து ஃபிரெஸ்னோ மட்டையாளர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தளங்களை நிரப்பினர். ஆட்டம் முடிந்தபோது எண்ணிக்கை 19–10, வென்றது ஃபிரெஸ்னோ.

2008 ஜூன் 25. இனி ஓர் ஆட்டமே எஞ்சியிருந்தது. ஃபிரெஸ்னோ சார்பில் பந்தெறிய வந்தவர் இடக்கை வீரரான ஜஸ்டின் வில்சன். அவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஓய்வு அப்போது கிடைத்திருக்கவில்லை. தோற்றால் நாளை என்று ஒரு நாள் இல்லாததால், சேமித்து வைப்பதற்கும் எதுவும் இல்லை. அவர் எட்டு இன்னிங்ஸ் முழுவதும் எறிந்தார். ஒன்பது மட்டையாளர்களை ஸ்ட்ரைக் அவுட் முறையில் வெளியேற்றினார். அவர் எறிந்த பந்துகள் மொத்தம் 129. ஜார்ஜியாவின் புகழ்பெற்ற வீரர் கார்டன் பெக்கம் எட்டாம் இன்னிங்ஸில் ஒரு ஹோம் ரன் அடித்தார். அந்த ஓர் ஓட்டத்திற்கு மேல் ஜார்ஜியாவால் எடுக்க இயலவில்லை.

ஃபிரெஸ்னோ எடுத்த ஓட்டங்கள் ஆறு. அந்த ஆறும் ஒரே வீரரின் மட்டையால் வந்தவை. அவர் கட்டைவிரல் தசைநார் கிழிந்த ஸ்டீவ் டெட்வைலர். அவர் அடித்த ஒரு ஹோம் ரன் இரண்டு ஓட்டங்களையும், மற்றொன்று மூன்று ஓட்டங்களையும் தந்தன. எஞ்சிய ஓர் ஓட்டத்திற்கும் அவருடைய அடியே காரணம். அவர் மட்டையுடன் வந்த நான்கு முறையும் பந்தை வெற்றிகரமாக அடித்தார். பத்தில் மூன்று முறை வென்றால் போதும் என்னும் ஆட்டத்தில், நான்கில் நான்கு.

ஒன்பதாம் இன்னிங்ஸில் களைத்த வில்சனுக்கு மாற்றாகப் பிராண்டன் பர்க் வந்தார். மூன்றாவது மட்டையாளர் அடித்த பந்து வலப்புற வெளிக்களத்தை நோக்கி உயர்ந்தது. அங்கு நின்றவர் டெட்வைலர். பந்து அவருடைய கையுறைக்குள் விழுந்தது. 6–1. வீரர்கள் களத்தின் நடுவே ஓடி வந்து ஒருவர்மேல் ஒருவர் குவிந்தனர்.

பருவத்தின் முழுக்கணக்கு: 78 ஆட்டங்கள், 47 வெற்றிகள், 31 தோல்விகள். தோற்றால் வெளியேற வேண்டும் என்னும் நிலையில், அரிசோனா ஸ்டேட்டுக்கு எதிராக இரண்டு, வட கரோலினாவுக்கு எதிராக ஒன்று, ஜார்ஜியாவுக்கு எதிராக இரண்டு ஆட்டங்களில் அவ்வணி வென்றது. முதல் எட்டுத் தரவரிசை அணிகளுள் நான்கு அவ்வணியிடம் வீழ்ந்தன. தரவரிசை பொய் என்று இதற்குப் பொருள் அன்று. ஓர் அணி அதுவரை ஆடியதைக் கொண்டு வல்லுநர்கள் கணித்த மதிப்பீடு அது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஆடிய ஃபிரெஸ்னோவுக்கு நான்காம் எண் பொருத்தமானதே. ஜூன் மாதத்தில் ஆடிய ஃபிரெஸ்னோவைக் கணிப்பதற்கு அவர்களிடம் வழி இருக்கவில்லை.

டெட்வைலரின் கட்டைவிரலுக்கு அறுவை மருத்துவம் பருவம் முடிந்த பின்னரே செய்யப்பட்டது. அவ்வணியின் வீரர்களுள் பெரும்பாலோர் தொழில்முறையின் முதன்மைத் தொடரை எட்டவில்லை. விருது பெற்ற மெண்டோன்சாவும் அவர்களுள் ஒருவர். வில்சன் எட்டினார். அவரை 2008ஆம் ஆண்டிலேயே பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணி தேர்ந்தெடுத்திருந்தது. அதே ஆண்டின் நவம்பரில், அதே பைரட்ஸ் அணி உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்னும் இரு இளைஞர்களையும் ஒப்பந்தம் செய்தது. அவ்விருவரும் ஈட்டியெறிதலில் பயிற்சி பெற்றவர்கள். பேஸ்பால் பந்தைக் கையில் எடுத்தே ஓராண்டுதான் ஆகியிருந்தது.

நான்காம் எண்ணுடன் தொடங்கி ஓமாஹா வரை சென்ற அணிகள் பின்னரும் உண்டு. 2012ஆம் ஆண்டில் ஸ்டோனி புரூக் சென்றது. 2023ஆம் ஆண்டில் ஓரல் ராபர்ட்ஸ் சென்றது. இரண்டும் பட்டம் இன்றியே திரும்பின.